முதலுக்கு ஒரு சைகை

ஆண்டிச்சாமிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர் மனைவிக்கும் அப்படித்தான். அவர்களுக்குப் பிறந்த சத்யாவுக்கு மட்டும் பாம்புக் காது. மழலை வாயில் வருவதற்கு முன்பே அவளுக்குக் கையில் வந்துவிட்டது. பசி, தூக்கம், கோபம் எல்லாவற்றையும் முதலில் விரல்களால்தான் சொன்னாள். அவள் கல்லூரி முடிப்பதற்குள் அம்மா காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதன்பின் அன்னவாசல் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். இருவரும் ஓசையே இல்லாமல் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, கேபிள் பணம் வசூலிக்க வரும் ஆள் வாசலிலேயே தயங்கி நிற்பான்.

சைகை மொழியில் பட்டயம் வாங்கி, புதுக்கோட்டையில் ஒரு சிறப்புப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள் சத்யா. ஆனால் அவளுடைய உண்மையான உத்தியோகம் பள்ளிக்கு வெளியேதான் இருந்தது. காவல் நிலையமா, ஆஸ்பத்திரியா, பத்திரப் பதிவா, பெண் பார்க்கும் இடமா, மாவட்டத்தில் காது கேளாத யாருக்கு எது நடந்தாலும் அவளுக்குத்தான் வீடியோ கால் வரும். போய்வரும் பஸ் காசுக்குமேல் யாரிடமும் அவள் வாங்கியதில்லை. எங்கே போனாலும் யாராவது ஒருவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காப்பி வாங்கிக்கொடுப்பார்கள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

கீரனூர்க்காரனான கவியரசன் திருச்சியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தான். காதுகேளாதோர் சங்கத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று சங்கத்துச் செயலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தான். பங்குச் சந்தையில் பணம் போடும் ஒரு திட்டம். மொழிபெயர்க்கச் சங்கம் சத்யாவைச் சொன்னது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே பள்ளிக்கு வந்து அவளைப் பார்த்தான். வெயிலில் வந்த களைப்போடு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மரியாதையாக நீட்டினான்.

தாளில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கத்தை யாரோ சென்னையில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தார்கள். மூலதன அரிப்பு, சந்தையின் நிலையற்ற தன்மை, இழப்பைத் தாங்கும் திறன், முதலுக்கு உத்தரவாதம் இன்மை. அந்தத் தமிழை யாராவது தமிழில் சொன்னால் தேவலை என்று இருந்தது சத்யாவுக்கு.

“அரிப்புன்னா என்னங்க? கரையான் அரிக்கிற மாதிரியா?”

கவியரசன் சிரித்துவிட்டான். “அப்படித்தான் வச்சுக்கங்களேன். போட்டதுல கொஞ்சம் கொறையலாம்.”

“கொஞ்சம்னா?”

“அது மார்க்கெட்டப் பொறுத்துங்க. ஏறும், எறங்கும். இந்தப் பக்கத்த மட்டும் ஒரு வரி விடாம சொல்லிரணும். ஆபீஸ்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க.”

“அபாயம்னு போட்டிருக்கே, அதுக்கு எங்ககிட்ட இதுதான் இருக்கு.” சத்யா கையை உயர்த்தி, கண்ணை அகல விரித்து, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக் காட்டினாள். அறுந்து கிடக்கும் கரண்ட் கம்பிக்கும் வைக்கோலுக்குள் கிடக்கும் பாம்புக்கும் காட்டுகிற சைகை அது.

கவியரசன் பதறினான். “ஐயோ, இதக் காட்டுனீங்கன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. இது அது இல்லைங்க. வரலாம், வராமலும் போகலாம். அந்த அர்த்தத்துல ஏதாச்சும் இல்லையா?”

அவன் ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பாம்பு வேறு, இது வேறு. தெரியாத ஒன்றுக்குத் தெரிந்த சைகையைக் காட்டி ஒப்பேற்றுவது அவளுக்குப் பிடிக்காது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் அகராதி இருந்தது. தமிழுக்கும் கைக்கும் நடுவில் அவள்தான் இருந்தாள்.

அன்று மாலை நேராகக் காட்டுக்குப் போனாள். ஆடி மாதம். ஆண்டிச்சாமி மானாவாரிச் செம்மண்ணில் கடலை போட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். பணம் போடுவார்கள், கூடலாம், குறையலாம், யார் கையிலும் இல்லை, அதற்கு ஒரு சைகை வேண்டும்.

ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. வலது கை விரல்களைக் குவித்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒவ்வொன்றாக விதை போட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் முகத்தை வானத்துக்கு உயர்த்தி, உள்ளங்கையை விரித்து இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டினார். பெய்யுமோ, பெய்யாதோ.

சத்யா உடனே அதைத் திருப்பிச் செய்தாள். முதல் என்பதற்கும் அந்த வரப்பிலேயே ஒன்று பிறந்தது. குவித்த விரல்களை நெஞ்சோடு வைத்துக்கொள்வது. விதைக்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல. இருவரும் மாறி மாறிச் செய்து பார்த்தார்கள். வெயில் தாழும்வரை அந்தப் பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் கையில் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஆண்டிச்சாமி அந்தச் சைகையைத் தனக்குத் தானே செய்துகொண்டு வந்தார்.

கூட்டத்துக்கு ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள். தையல்காரர்கள், அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஆதனக்கோட்டையில் முந்திரி உடைக்கும் பெண்கள். முந்திரிப் பெண்களில் மூக்காயி முன்வரிசையில் உட்கார்ந்தாள். கணவன் லாரி மோதி இறந்ததற்கு அவளுக்கு நஷ்டஈடு வந்திருந்தது. அந்தப் பணம் வாங்குவதற்குக் கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் அவளோடு நடந்தவள் சத்யாதான். முந்திரித் தோலின் பால் பட்டு மூக்காயியின் விரல்கள் நகத்தோடு கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு விரல்கள் பேசும்போது யாராலும் கண்ணை எடுக்க முடியாது. அவ்வளவு வேகம், அவ்வளவு கேலி.

கவியரசன் மைக் இல்லாமலே பேசினான். ஒரு மூலையில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைப் பக்கம் வந்ததும் அவன் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டான். சத்யா முடிக்கவில்லை. அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு நிதானமாகச் செய்தாள். நெஞ்சோடு விதை. கை நெடுக விதைப்பு. வானத்தைப் பார்த்த முகம். ஆடும் உள்ளங்கை. விதைத்தது முளைக்கலாம், முளைக்காமலும் போகலாம், யாரும் பொறுப்பு இல்லை.

கூடம் முழுக்கத் தலைகள் அசைந்தன. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று அதைத் திருப்பிச் செய்தார்கள். இத்தனை நாளில் வங்கியிலும் ஆபீஸிலும் யாரும் எதையும் அவர்களுக்கு இப்படிப் புரியும்படி சொன்னதில்லை. மூக்காயி கை தூக்கினாள்.

‘விதை போனால் என்ன செய்வது?’

சத்யா அதைத் தமிழில் கேட்டாள். கவியரசன், “கொஞ்சம் பொறுத்திருந்தா திரும்ப ஏறிரும்னு சொல்லுங்க,” என்றான். திரும்ப ஏறுவதை எப்படிக் காட்டுவது? ஒரு நொடி யோசித்துவிட்டு, ‘அடுத்த பருவம்’ என்று காட்டினாள் சத்யா. மூக்காயிக்குத் திருப்தி. அன்றைக்கே பலர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மூக்காயி நஷ்டஈட்டுப் பணம் முழுவதையும் எழுதிக்கொடுத்தாள்.

அந்தச் சைகை பரவியது. கறம்பக்குடியில் ஒரு கல்யாணத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண் அதைச் செய்வதைப் பார்த்தாள் சத்யா. பஸ் வருமா என்பதற்கு, மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா என்பதற்கு, பரீட்சையில் பாஸாவேனா என்பதற்கு எல்லாம் அதே சைகை. ஆண்டிச்சாமியிடம் சொன்னபோது, அவர் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் மறுபடி சொல், மறுபடி சொல் என்று கேட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர் அவர். அவர் செய்த ஒரு சொல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத்துக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார்.

சில மாதங்களுக்குப் போனில் நல்ல செய்தியாகவே வந்தது. பிறகு செய்தி நின்றது. ஒரு காலையில், சத்யா பள்ளி வராந்தாவில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது கவியரசன் கூப்பிட்டான்.

“எல்லாம் போச்சுங்க.”

“என்ன போச்சு? எறங்கியிருக்கா?”

“எறங்கல. போயிருச்சு. ஆப்ஷன்னு ஒண்ணுல போட்டிருக்காங்க, வெல ஏறுமா எறங்குமான்னு பந்தயம் கட்டுற மாதிரி. மார்க்கெட் ஒரே நாள்ல தலைகீழாப் போனதும் மொத்தமும் முடிஞ்சுருச்சு.”

“திரும்ப ஏறிரும்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஷேர்னா ஏறும்னு எனக்குத் தெரியும். இவங்க எதுல போட்டாங்கன்னு எனக்கே நேத்துதாங்க தெரியும். எங்க மாமா பணமும் அதுலதான் கெடக்கு.” போனை வைத்துவிட்டான். அந்த வாரத்திலேயே அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

சங்கத்தில் எல்லாருக்கும் சத்யாதான் சொன்னாள். யாரும் முதலில் நம்பவில்லை. சிலர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல. மறுநாள் மூக்காயி வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கே வந்தாள். முகத்தில் பெரிய கவலை இல்லை. அதுதான் சத்யாவைப் பயமுறுத்தியது.

‘இந்தப் பருவம் போய்விட்டது, தெரியும்,’ என்றாள் மூக்காயி. ‘விதை போனது போகட்டும். இனிமேல் போட வேண்டாம். என் நிலத்தைத் திருப்பி வாங்கிக் கொடு.’

சத்யாவுக்குப் புரியவில்லை. ‘எந்த நிலம்?’

‘என் பணம். அவர் செத்ததற்குக் கொடுத்த பணம்.’

சத்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மழை பொய்த்தால் விதை போகும், உழைப்பு போகும். காடு எங்கே போகும்? அது அங்கேயே கிடக்கும். அந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விதைப்பைக் காட்டியபோதே, நிலம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. பாம்பைக் காட்டியிருந்தால் இவர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

‘நிலம் இல்லை,’ என்று கையை அசைத்தாள். ‘எல்லாமே விதைதான்.’

மூக்காயி திரும்பி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துபோனாள்.

சங்கத்தார் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் அந்த வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு வரி விடாமல் அவர்கள் மொழியிலேயே எச்சரித்திருக்கிறோம், புரிந்துகொண்டு தலையாட்டியிருக்கிறார்கள், பாருங்கள் என்றது. சங்கத்து வக்கீல் சத்யாவைத் தன் ஆபீஸுக்கு வரச்சொன்னார்.

“இதுல நீதாம்மா சாட்சி. அந்த மொழிபெயர்ப்பு சரியில்ல, முதலே போயிரும்ங்கிறது இவங்களுக்குப் போய்ச் சேரலன்னு நீ சொன்னாத்தான் நம்ம கேஸ் நிக்கும்.”

“உண்மையும் அதுதாங்க சார்.”

“அப்ப சொல்லிரு. ஒன் பேர் கெடும். யோசிச்சுக்க.”

அவள் பெயரைப் பற்றி யோசிக்கவில்லை. அப்பாவைப் பற்றித்தான் யோசித்தாள். வீட்டில் சொன்னபோது ஆண்டிச்சாமியின் கைகள் பறந்தன. ‘என்ன தவறு? ஒவ்வொரு வரியும் செய்தோம். எல்லாரும் புரிந்துகொண்டார்கள். இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.’

‘அது வேறு எதற்கும் சரி. இதற்குச் சரியில்லை.’

‘சரி என்று சொல். அது நம்முடையது.’

சங்கத்தில் ஏற்கெனவே அரசல்புரசலாகப் பேச்சு இருந்தது. எல்லாரும் பணம் போட்டார்கள், ஆண்டிச்சாமி மட்டும் ஏன் போடவில்லை, மகள் முன்கூட்டியே சொல்லியிருப்பாள் என்று. போடுவதற்கு அவரிடம் பணம் இருந்ததில்லை, அவ்வளவுதான். அதைப் போய் யாரிடம் சொல்வது? புதுச் சட்டை கொடியிலேயே தொங்கியது. அவர் சங்கத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

விசாரணை நாளன்று அவரும் வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சத்யா சாட்சி என்பதால் மொழிபெயர்க்கத் திருச்சியிலிருந்து வேறொருவர் வந்திருந்தார். திரையில் வீடியோ ஓடியது. தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள் சத்யா. எவ்வளவு தெளிவாக, எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறாள்! வீடியோவில் அவள் முகம் வானத்துக்கு உயர்ந்தபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டிச்சாமியின் தலையும் லேசாக உயர்ந்தது.

திருச்சிக்காரர், “விதைக்கிறாங்க, மழை வரலாம், வராமலும் போகலாம். எங்க பக்கத்துல இந்தச் சைகை இல்லைங்க. ஆனா அர்த்தம் புரியுது,” என்றார்.

சங்கத்து வக்கீல் சத்யாவைக் கேட்டார். “நீங்க காட்டுனது அந்தத் தாள்ல இருக்கிறதுக்குச் சரியான மொழிபெயர்ப்பா?”

அப்பா தன்னைப் பார்க்கவில்லை, திருச்சிக்காரரின் கையைத்தான் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் எதைச் சொன்னாலும் அந்தக் கை வழியாகத்தான் அவருக்குப் போகும்.

“இல்லைங்க. தப்பு. முதலே இல்லாமப் போயிரும்னு நான் சொல்லல. நட்டம் வந்தாலும் அடிப்படை மிஞ்சும்ங்கிற மாதிரி சொல்லிட்டேன். அவங்க அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டாங்க.”

திருச்சிக்காரரின் கை அசைந்தது. ஆண்டிச்சாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. “உங்கள மொழிபெயர்க்கக் கூட்டிட்டு வந்தது யாரு?”

“சங்கத்துலேருந்து சொன்னாங்க.”

“கம்பெனி உங்களுக்குச் சம்பளம் குடுத்துச்சா?”

“இல்லைங்க.”

“கம்பெனி குடுத்த தாள்ல முதலுக்கு உத்தரவாதம் இல்லைன்னு தெளிவா இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுங்க.”

“அவ்வளவுதாங்க,” என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. எச்சரிக்கை முறையாகத் தரப்பட்டிருக்கிறது. மனுதாரர்கள் தாங்களே அமர்த்திக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைக்கு நிறுவனம் பொறுப்பாகாது. சங்கத்து வக்கீல் மேல்முறையீடு என்று ஏதோ சொன்னார். செலவுக்கு யாரிடமும் எதுவும் மிச்சமில்லை.

சாட்சி சொன்ன அன்று திரும்பும்போது, பஸ்ஸில் சத்யாவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் ஆண்டிச்சாமி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதன்பின் வீட்டில் சோறு, தண்ணீர், மாத்திரை என்பதற்குமேல் அவருடைய கைகள் பேசவில்லை. அந்த வருஷம் அவர் காட்டில் கடலை போடவும் இல்லை.

வீடியோ கால்களும் குறைந்து, நின்றேபோயின. கறம்பக்குடிக்காரர்கள் பதிவு ஆபீஸுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள் என்று கேள்விப்பட்டாள். யாரும் அவளை ஏசவில்லை. எதிரே பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனார்கள். பள்ளியில் பிள்ளைகள் மட்டும் முன்போலவே அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள்.

அடுத்த ஆண்டுக் கோடையில், பெரியாஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பள்ளிக்குப் போன் செய்தாள். வயிற்றுவலியோடு ஒரு அம்மா வந்திருக்கிறது, கூட ஆள் இல்லை, எதையும் கேட்டுச் சொல்ல முடியவில்லை, உடனே யாரையாவது அனுப்புங்கள் என்று. சத்யா ஆட்டோ பிடித்துப் போனாள். வார்டில் ஒரு கட்டிலில் மூக்காயி கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரல்கள் மட்டும் அதே கறுப்பு.

“கர்ப்பப்பையில கட்டி பெருசாயிருக்கு. எடுத்தாகணும். சம்மதமான்னு கேளுங்க,” என்றார் டாக்டர் அம்மா.

சத்யா கட்டிலருகே குனிந்து கையை உயர்த்தினாள். மூக்காயி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

தோளைத் தொட்டாள் சத்யா. மூக்காயி தோளை விலக்கினாள். கண்ணைத் திறக்கவில்லை. காது கேட்கிறவர்களாக இருந்தால், வேண்டாம் என்றாலும் நாலு வார்த்தை உள்ளே போய்விடும். மூடின கண்ணுக்கு முன்னால் சத்யாவின் கைகள் கொஞ்சநேரம் அந்தரத்திலேயே நின்றன.

“என்ன சொல்றாங்க?”

“என்கிட்டப் பேச மாட்டாங்க டாக்டர்.”

டாக்டர் அம்மாவுக்கு அடுத்த கட்டில் காத்திருந்தது. “வேற யாரையாச்சும் புடிங்கம்மா, சீக்கிரம்.”

சத்யா வராந்தாவுக்கு வந்து திருச்சிக்காரரின் நம்பரைத் தேடி எடுத்தாள். நல்லவேளை, அவர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னாள். வீடியோவில் வரச் சம்மதித்தார். அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தன் முகம் தெரியாதபடி கையை நீட்டி, போனை மூக்காயியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். நர்ஸ் மூக்காயியின் கன்னத்தைத் தட்டினாள்.

கண் திறந்தது. போனில் தெரிந்த ஆளைப் பார்த்ததும் மூக்காயியின் கறுத்த விரல்கள் மெல்ல எழுந்து பேச ஆரம்பித்தன. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, வேலைக்கு எப்போது திரும்பிப் போகலாம். டாக்டர் அம்மா கேட்கக் கேட்க, திருச்சிக்காரரின் குரல் போனிலிருந்து வந்தது. நீட்டிய கை சத்யாவுக்குக் கடுக்கத் தொடங்கியது. மறுகையை முட்டுக்கொடுத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.